உப்புக்குப் பழகிய பாத்தி

புதினா வியாபாரியை அவன் நேராக மூலைப் பாத்திக்குத்தான் கூட்டிப்போனான்.

முகர்ந்து பார்த்தே விலை சொல்வதால் அவருக்கு மூக்கண்ணன் என்று பெயர். அவர் வேண்டாமென்றால் புதினாவை வாங்க வேறு நாதியில்லை.

தோட்டத்தில் காட்டுவதற்கு இருந்ததும் அந்தப் பாத்தி மட்டும்தான். கிணறு உப்பாகிப் போனதிலிருந்து மற்றதெல்லாம் ஓரம் கருகி, இலை நகத்தளவுக்குச் சிறுத்துவிட்டது. தண்ணீர் போதவில்லையென்று நினைத்து இன்னும் பாய்ச்சினான். பாய்ச்சப் பாய்ச்சக் கருகியது. மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது.

பாய் விரிக்கிற அகலமே உள்ள மூலைப் பாத்தி மட்டும் தளதளவென்று நின்றது. அதைப் பார்த்துத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். இது உப்புக்குப் பழகிவிட்டது, இதன் தண்டையே தோட்டம் முழுக்க நட்டுவிடலாம் என்று முடிவுகட்டி, நேற்று மற்றப் பாத்திகளை மொத்தமாகப் பிடுங்கிக் குவித்தும்விட்டான்.

"கொஞ்சம் பொறுங்களேன்" என்றாள் மனைவி. எதற்கென்று கேட்டான். மலர்ந்துபோயிருந்த அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

மோட்டார் போடுவது அவன். மடை திருப்புவது அவள்.

கொஞ்ச நாளாக அவள் சமையலும் சரியில்லை. எதிலும் உப்பே இல்லை. "தோட்டத்துலதான் கொட்டிக் கெடக்கே, வீட்டுல எதுக்குன்னு விட்டுட்டியா?" என்று கிண்டல் செய்வான். எனக்குச் சரியாத்தானே இருக்கு என்பாள்.

மூக்கண்ணன் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார். முகம் மாறவில்லை. குவியலிலிருந்து கருகிய இலையொன்றை எடுத்துக் கசக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"வாசமெல்லாம் இதுல இருக்கு. இதையாப்பா புடுங்கிப் போட்ட?"

குவியல் வாடிச் சுருண்டு கிடந்தது.

"உப்பு பட்ட இலைக்குக் காரம் ஏறும். மூலையில இருக்கிறது உப்பே படாத இலை. நல்ல தண்ணி குடிச்சு வளந்திருக்கு."

அவன் சிரித்துவிட்டான். "நல்ல தண்ணியா? லாரி வந்தா ஆளுக்கு ஒரு குடம். குடிக்கவே பத்தலண்ணே!"

கூடச் சேர்ந்து சிரிப்பாள் என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் குனிந்து, மூலைப் பாத்தியின் மடைவாயில் அடைத்திருந்த மண்ணைக் காலால் மெல்ல மறைத்துக்கொண்டிருந்தாள். அது நன்றாகக் காய்ந்து இறுகிய பழைய மண்; அந்த மடையைத் திறந்தே பல நாளாகியிருக்கும். அவள் உதடு ஓரமெல்லாம் வெடித்திருந்தது.

அவனுடைய குடம் ஒருநாளும் குறைந்ததில்லை.

மூக்கண்ணன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவன் காதில் விழவில்லை. நாளெல்லாம் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவள் நாக்குக்கு, எந்தச் சாப்பாட்டில்தான் உப்புக் குறைவாகத் தெரியும்?