ஜூன் பதின்மூன்று

"அந்தோனியார் திருநாளை இந்த வருஷம் ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்குவோமா?"

தேயிலைத் தோட்டத்துக்கு வந்து மூன்றே நாளான ஃபாதர் பிரதாபன் கேட்டதும், திருநாள் கமிட்டித் தலைவர் ராசையா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அது மட்டும் நடக்காதுங்க ஃபாதர். பதிமூனுன்னா பதிமூனுதான்!"

"அன்னைக்கு வேலை நாளாச்சே. கொழுந்து எடுக்கிறவங்க எப்படி வருவாங்க?"

"தோட்டத்துத் தொரைகிட்டப் பேசி லீவு வாங்கிட்டேன். தேர் தூக்கப் பதினாறு பேரு ரெடி. கொடியும் தைச்சாச்சு."

"மழை?"

"அந்தோனியார் பார்த்துக்குவாருங்க."

ஃபாதர் உருகிப்போனார். இப்படியொரு விசுவாசியை அவர் கொழும்பில்கூடக் கண்டதில்லை.

"சரி, பதிமூனே இருக்கட்டும். ஆனா பூசையில மொத வாசகம் நீங்கதான் வாசிக்கணும். நன்மை அப்பமும் நீங்கதான் மொதல்ல வாங்கணும்."

ராசையா நெளிந்தார்.

"அதுக்கு ஞானஸ்நானம் வாங்கின வேதக்காரங்க யாரையாச்சும் கூப்புடுங்க ஃபாதர். இங்க மூணு வீடு இருக்கு."

"அப்ப நீங்க?"

குளிருக்குப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்த கம்பளிக் குல்லாயை ராசையா மெல்லக் கழற்றினார். நெற்றி நிறைய விபூதி.

"நான் மாரியம்மன் கோயில் பூசாரிங்க. ஞாயித்துக்கிழமை அங்க கரகம்."

"ஓ... அதனாலதான் அன்னைக்கு உங்களால இங்க வர முடியாதா?"

"நான் எப்படியாச்சும் ஓடி வந்துருவேன் ஃபாதர். அந்த மூணு வேதக்கார வீட்டுல மூத்தவரு சூசைதான் எங்க கோயில் கமிட்டித் தலைவரு. அவரை நீங்க இங்க புடிச்சு வச்சுக்கிட்டா, அங்க கரகத்தை யாருங்க நடத்துறது?"