ஈரக்கால் தடம்

ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புச் சார்ட் பேப்பரின் ஓரமாக மத்தியான வெயில் நூலாய்க் கசிகிறது. இசக்கிசெல்வி எடுத்த பேய்ப்படத்தின் டிரெய்லரை வகுப்பு பார்த்து முடித்துவிட்டது. அதில் பேய் வருவதே இல்லை. கரமனையில் அவள் வீட்டு நடையில் ஈரக்கால் தடங்கள் மட்டும் ஒவ்வொன்றாகப் பதிந்து, பார்ப்பவரை நோக்கி வருகின்றன. பார்த்தவர்கள் அபிப்பிராயம் எழுதித் தந்த துண்டுச்சீட்டுகளை, எடிட்டிங் செய்யும் அஜின் புரட்டுகிறான். "பேய்க்கு ஏது காலுன்னுதான் எல்லாவனும் எழுதியிருக்கான், கேட்டியா. வெள்ளச் சேலையும் கொலுசும் வேணுமாம். தடத்த வெட்டிருவோம் செல்வி. நாளைக்கு விழாவில போட்டா கூவிருவானுவ." முன்பெஞ்சில் கிருஷ்ணகுமார் சிரிக்கிறான். "ஒரு பயமும் வரல்ல, கேட்டோ." செல்வி சீட்டுகளைத் தொடவே இல்லை. டிரெய்லர் ஓடும்போதும் அவள் கம்ப்யூட்டர் மானிட்டரின் பெருத்த முதுகுக்குப் பின்னால் நின்று, பார்ப்பவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பெஞ்சுகளுக்கு அடியில் பார்க்கிறாள். சிமெண்டுத் தரையில் செருப்புகள் மட்டும் கிடக்கின்றன. கால்களெல்லாம் எப்போதோ பெஞ்சுமேல் ஏறிவிட்டன. கிருஷ்ணகுமார் முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் சிரிக்கிறான். "தடம் இருக்கும்," என்கிறாள் செல்வி. "வெள்ளச் சேலையும் வராது, கொலுசும் வராது. டிரெய்லர்ல இவங்க காலத் தூக்கின எடத்தில இன்னும் ரெண்டு தடம் சேத்துரு." அஜின் பேச வாயெடுப்பதற்குள் அவள் வகுப்பைப் பார்த்துத் திரும்புகிறாள். "பேய்க்குக் கால் இல்லேன்னு எழுதினவங்க, மொதல்ல அவங்கவங்க காலக் கீழ வைங்க பாப்போம்." மின்விசிறி கிறீச்சிடுகிறது. ஒருவரும் வைக்கவில்லை.