எட்டுப் பக்க விண்ணப்பம்

“போன வருஷம் அட்மிஷன் அன்னிக்கு சர்வர் படுத்துடுச்சும்மா. பாதி விண்ணப்பம் நிரப்பின பெற்றோர் எல்லாம் என்னைப் பிடிச்சு உலுக்கிட்டாங்க” என்றார், போலாரத்தில் பள்ளி நடத்தும் பக்தவத்சலம்.

“இனிமே அந்தப் பேச்சே இல்ல சார்.” மென்பொருள் கம்பெனி நடத்தும் தாரிணி தன் மேஜைக்கடியில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு சர்வர்களைக் காட்டினாள். “ஒண்ணு படுத்தாலும், அவங்க விட்ட இடத்துலேர்ந்தே இன்னொண்ணு எடுத்துக்கும்.”

“வாயால சொன்னா ஆச்சா? நானே நிரப்பறேன். நடுவுல ஒண்ணை நிறுத்திக் காட்டு. ஓர் எழுத்து காணாமப் போனாலும் நக்கோ, வேணவே வேணாம், வேற கம்பெனி பார்த்துக்கறேன்.”

எட்டுப் பக்க விண்ணப்பத்தை ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். மூன்றாம் பக்கத்தில் அவருடைய செல்போன் சார்ஜ் இல்லையென்று சிணுங்கியது. குனிந்து, இடம் பண்ணி சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடர்ந்தார்.

ஏழாம் பக்கத்தில் பொறுமை போய்விட்டது.

“எப்பம்மா நிறுத்தப் போறே? பயமா?”

“எதுக்கு சார் பயம்? முதல் பக்கத்துக்குப் போய்ப் பாருங்க.”

பார்த்தார். பேரன் பெயரிலிருந்து பின்கோடு வரை அப்படியே இருந்தது.

“இருக்கு. நிறுத்தினாத்தானே போகும்?”

“நிறுத்தியாச்சு சார். சார்ஜரைச் செருக, கீழே ஒரு பிளக்கைப் பிடுங்கிப் போட்டீங்களே, அதுதான் நீங்க நிரப்பிட்டிருந்த சர்வர்!”