ரெண்டு சொட்டு

தாய்வீட்டிலிருந்து மூன்று மாதக் கைக்குழந்தையோடு யசோதரா கணவனின் ஊரான ஊரிகத்துக்குத் திரும்பிய மறுநாளே, பக்கத்து லைன் வீட்டு ஜெயசீலி தன் இரண்டு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“காலைல லவினாவுக்குக் கண்ணே தொறக்கல, யசோ. மஞ்சளா பீளை ஒட்டிக்கினு கெடக்குது. ரெண்டு சொட்டு தாய்ப்பால் விடேன், சரியா பூடும்.”

“வேணாங்க்கா. கண்ணு டாக்டர்கிட்ட காட்டுங்க. சொட்டு மருந்து குடுப்பாரு.”

“இதுக்குப் போயி கோலார் வரைக்குமா? எங்கம்மா எங்களுக்கெல்லாம் பால்தான் விட்டாங்க.”

“கொதிச்சு ஆறின தண்ணில பஞ்சை நனைச்சுத் தொடைங்க. இன்னிக்கே கெளம்புங்கக்கா.”

ஜெயசீலியின் முகம் சிவந்தது. “குடுக்க மனசில்லன்னு சொல்லு. ரெண்டு சொட்டுல உன் புள்ளைக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது? பெரிய டாக்டரம்மா!”

யசோதரா தன் குழந்தையின் தொட்டிலை ஆட்டினாள்.

கோபத்திலும் குழந்தையைப் பார்க்காமல் போக ஜெயசீலிக்கு மனம் வரவில்லை. தொட்டிலில் குனிந்து, “இன்னாடா ராஜா?” என்றாள். குரல் வந்த பக்கம் திரும்பிக் குழந்தை சிரித்தது. அதன் முகத்துக்கு நேரே விரல்களை ஆட்டினாள். கண்கள் அசையவில்லை. கருவிழி இரண்டிலும் வெள்ளை படர்ந்திருந்தது.

“பொறந்த மூணாம் நாள் இவனுக்கும் இதே மாதிரிதான் சீழ் வந்துச்சு,” என்றாள் யசோதரா. “டாக்டர்கிட்ட போகல. என் பாலைத்தான் விட்டேன்க்கா. ஒம்பது நாளு.”