டில்லிபாபு ஆஸ்பத்திரி

டில்லிபாபு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்துவிட்டு அந்தச் சாமானை சாக்ஸுக்குள் சொருகினான். கேட்டில் செக்யூரிட்டி பையைத்தான் துழாவுவார், காலைத் தொடமாட்டார். பத்து வருஷமாய் ஒரகடத்துக் கம்பெனியில் லோடு இறக்குகிறவனுக்கு இதுகூடவா தெரியாது?

சாமான் ஒன்றும் பெரிசில்லை. கம்பெனியின் முதலுதவிப் பெட்டியில் இருந்த, புண்ணுக்குப் போடுகிற களிம்பு. டியூப்பின் கழுத்தில் மஞ்சள் கறை வேறு.

"நமக்குன்னா நல்லதாவா வெப்பானுங்க?" என்று முனகிக்கொண்டான்.

வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன், அதன் மூடியில் தன் கையாலேயே 'டில்லிபாபு ஆஸ்பத்திரி' என்று எழுதி ஒட்டியிருந்தான். காலாவதித் தேதியை விரல் வைத்துப் படித்த பிறகுதான் எதையும் உள்ளே போடுவான். பெரிய டாக்டர் என்று நினைப்பு.

ஆனால் எவ்வளவு போட்டாலும் அந்த ஆஸ்பத்திரி நிறையவே இல்லை.

"மெடிக்கல்ல வாங்கியாந்தேன்" என்று பெண்டாட்டி ஏலவார்குழலியிடம் டியூப்பை நீட்டினான். அவளும் இரண்டு மாசமாய் அதே கம்பெனியில்தான் கூட்டிப் பெருக்குகிறாள். வேலை நிலைக்கவேண்டுமே என்று தினமும் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம்.

"எதுக்குய்யா வீண் செலவு?" என்றாள். ஆனால் முகம் மலர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மீன் அறுத்துத் தருகிறேன் என்று வீரம் பேசி விரலை அறுத்துக்கொண்டான். ரத்தம் சொட்டச் சொட்ட ஓடிப்போய் டப்பாவைத் திறந்தால், ஒரு துண்டுப் பஞ்சுகூட இல்லை.

"எவடி எடுத்தது? எதிர்வூட்டு நாச்சியாரா?"

"கத்தாதய்யா, நான்தான்." குழம்புக்கு வைத்திருந்த மஞ்சள்தூளை அள்ளிவந்து காயத்தில் அப்பினாள். "கம்பெனி மருந்துப் பெட்டி என் பொறுப்பாம். ஒண்ணு கொறஞ்சாலும் வேலைக்கு வராதன்னுட்டாரு சூப்பர்வைசரு. அதான் நீ வாங்கியாறத எடுத்துனு போயி அங்க ரொப்பறேன்."

டில்லிபாபு அவளுடைய மஞ்சள் விரல்களையே பார்த்தான். விரல் வலி மறந்துபோயிற்று. சாக்ஸ் போடாத கால் அரித்தது.

"இன்னாய்யா பாக்கற? அதையும் எவனோ ஒரு திருட்டுப் பொறம்போக்கு எடுத்துனு பூடறான்!"