பந்தியில் ஒரு பிள்ளை

“கால் வீசை வாதுமைப் பருப்பு போடுங்க மரைக்காயரே. நல்லதாப் பாத்துப் போடுங்க, பிள்ளைக்கு!”

தராசைத் தூக்கிய மீரா முகைதீனின் கை அந்தரத்தில் நின்றது. ரங்கூனின் பபேடான் பேட்டையில் முப்பத்தைந்து வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். எதிர்ச் சந்தில் இருக்கும் சின்ன யூதர் ஜெபாலயத்தில் கடைசியாகக் குழந்தைச் சத்தம் கேட்டது எந்த வருடம் என்று அவருக்கே நினைவில்லை. அதன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இப்போது பருப்பு கேட்டு நிற்கும் மோசேக்கு, ரங்கூன் மரியாதைப்படி ஊ மோசேக்கு, வயது எண்பத்தொன்று. ஜெபாலயத்தில் மிச்சமிருந்த எட்டுப் பேருக்கும் சேர்த்துப் பல் இருபத்தொன்று. அதில் பதினாறு மோசேயின் மனைவி சாராவுடையது.

“எந்தப் பிள்ளைக்குண்ணே?”

“இன்னிக்கு எங்க பண்டிகைப் பந்தியிலே கேள்வி கேக்கப் போற பிள்ளைக்கு. எங்க ஆளுங்க எகிப்திலேருந்து தப்பிச்ச கதையைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் தூங்கிடக் கூடாதுல்ல? கொறிக்க ஏதாச்சும் கையிலே கொடுக்கிறது எங்க பழைய வழக்கம். பாட்டனுக்குப் பாட்டன் காலத்து வழக்கம்.”

மீரா முகைதீன் குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, அந்த எலியாஸ் சார் ஊரிலே இருக்கிறப்பவா இந்த விளையாட்டு?”

எலியாஸ் வந்து நான்கு நாளாகியிருந்தது. கொச்சியில் பிறந்து, மதராசில் வேலை பார்த்து, இப்போது ஒரு வெளிநாட்டு யூதர் சங்கத்துக்காக ஊர் ஊராகப் போகிறவர். ஜெபாலயத்தில் இருந்த வேதச் சுருளை மோசேயின் பாட்டனார் பாக்தாத்திலிருந்து கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக் கப்பலில் கொண்டு வந்தார். கப்பல் ஆடினால் தாலாட்டும் பாடினாராம். ஊரில் பிள்ளைகள் இல்லாமல் போனால், பிள்ளைகள் உள்ள ஊருக்குச் சுருளைக் கொடுத்துவிடுவதாக மோசேயின் அப்பா என்றைக்கோ சங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். எலியாஸின் பையில் ஒரு படிவம் இருந்தது. ‘பிள்ளைகள் எத்தனை?’ என்ற கட்டத்தில் பூஜ்யம் விழுந்தால் சுருள் விமானம் ஏறிவிடும்.

“பந்தியிலே ஒரு பிள்ளை இருக்கும்னு அவர்கிட்டே சொல்லியாச்சு. கண்ணாலே பாத்துட்டு எழுதறேன்னுட்டார்” என்றார் மோசே, வாதுமை ஒன்றை முகர்ந்து பார்த்தபடி.

“இல்லாத பிள்ளைக்கு எங்கே போவீங்க? நம்ம வீட்டிலே பேரன்மார் ஏழு உருப்படி இருக்கு. பொறுக்கி ஒண்ணை எடுத்துக்குங்க. ரெண்டா எடுத்தா என் மருமக உங்களுக்குப் பிரியாணியே ஆக்கிப் போடுவா.”

“பொய் சொல்லித்தான் வேதத்தை வச்சுக்கணும்னா அந்த வேதம் எதுக்கு மரைக்காயரே? பிள்ளை எங்க பிள்ளைதான். நீங்களும் பந்திக்கு வாங்க.”

“வயசு என்னாண்ணே?”

“அதை இன்னும் கேக்கலே. கேக்க வேண்டிய நேரத்திலே கேப்பேன்.”

பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை போலப் பொட்டலத்தை வீசிக்கொண்டு நடந்தார் மோசே. கிழவருக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது என்று மீரா முகைதீன் முடிவு செய்தார்.

மஃரிப் தொழுதுவிட்டு அவர் போனபோது எட்டுக் கிழங்களும் குளித்து வெள்ளை உடுத்தி மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். புளிக்காத ரொட்டி, கசப்புக் கீரை, கிண்ணத்தில் உப்புத் தண்ணீர். எலியாஸ் பக்கத்தில் அவருக்கு இடம் போட்டிருந்தார்கள்.

“எங்க வீட்டிலே ‘இந்த ராத்திரி மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?’ங்கிற கேள்வியைக் கடைக்குட்டியா ரெண்டே வருஷம்தான் நான் கேட்டேன் பாய். தம்பிக்கு வாய் முளைச்சதும் என் பதவி போச்சு” என்றார் எலியாஸ். சிரித்துவிட்டு வாசலைப் பார்த்தார். மீரா முகைதீனும் பார்த்தார். வாசலில் ஒரு பூனைகூட இல்லை.

மோசே ரொட்டியை உயர்த்திப் பிடித்தார். “பிள்ளை கேக்கட்டும்.”

யாரும் வாய் திறக்கவில்லை. மோசேயின் கை இறங்கவுமில்லை. மீரா முகைதீன் மறுபடி வாசலைப் பார்த்தார். கையோடு ஒரு பேரனை இழுத்து வந்திருக்கலாம்.

எலியாஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் பொறுக்கவில்லை.

“ஊ மோசே, பந்தின்னா ஒரு பிள்ளை இருக்கும், கேள்வி கேக்கும். எங்கேயும் அப்படித்தான். உங்க பந்தி மட்டும் ஏன் இப்படி வேற மாதிரி இருக்கு?”

மோசேயின் முகம் மலர்ந்தது. ரொட்டியை இறக்கினார்.

“நல்லாக் கேட்டேப்பா!” என்றார். இந்த நான்கு நாளில் எலியாஸை அவர் ‘சார்’ என்று கூப்பிடாதது இதுதான் முதல் தடவை. “சொல்றேன், கேளு. நாம எகிப்திலே அடிமையா இருந்தோம். தப்பிச்ச அன்னிக்கு மாவு புளிக்கக்கூட நேரமில்லே. அந்த அவசரத்திலேயும், பின்னாலே பிறக்கப் போற பிள்ளை வந்து ‘இதெல்லாம் என்னா?’ன்னு கேட்டா என்ன சொல்லணும்னு நம்ம ஆளுங்க பேசி வச்சுட்டுத்தான் கிளம்பினாங்க. கேக்கிறது பிள்ளை, பதில் சொல்றது பெத்தவன். நாலு சுவரும் கூரையும் இல்லாதப்பவே நாம பிள்ளை வளத்த விதம் அது.”

“அது எனக்கும் தெரியும். நான் கேட்டது…”

“எங்க எட்டுப் பேர்லே கடைக்குட்டி அதோ பெஞ்சமின். அறுபத்தெட்டு. மரைக்காயர் விருந்தாளி. ஆனா இன்னிக்குப் பந்தியிலே நாம ஒன்பது பேர்.”

எலியாஸ் மேசையைச் சுற்றி விரலால் எண்ணினார்; ஒன்பதுக்கு விரல் அவர் நெஞ்சிலேயே வந்து நின்றது. சாரா வாதுமைக் கிண்ணத்தை மெதுவாக அவர் முன்னால் நகர்த்தினார்.

“பண்டிகை அன்னிக்கு நாம பேனா தொடறதில்லே. முடிஞ்சதும் எழுதிக்கோ. பிள்ளை ஒண்ணு” என்றார் மோசே. “வயசு?”

எலியாஸ் ஒரு வாதுமையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: “நாப்பத்தாறு.”