அண்ணன் முறை

“அண்ணன் முறைடி அவன்! அண்ணனையா கட்டிக்கப் போற?”

தனலெட்சுமி போட்ட சத்தத்தில், கிள்ளானில் ஒரு மண்டபத்தில் பிரியாணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். வைத்தார்களே தவிர, ஒருவரும் இடத்தை விட்டு நகரவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் குடும்ப ஒன்றுகூடலில் இதைவிட நல்ல நிகழ்ச்சி இனிமேலா வரப்போகிறது?

“அத்தே, மெதுவா பேசுங்க லா. எல்லாரும் பாக்குறாங்க,” என்றாள் தாமரை. “நான் குகனைத்தான் கட்டிக்குவேன்.”

பக்கத்தில் மஞ்சள் டீ-சட்டையில் நின்ற குகன் தரையைப் பார்த்தான். அங்கே எல்லோருக்கும் அதே மஞ்சள் சட்டைதான். முதுகில், செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் வாழ்ந்து மறைந்த தாத்தாவின் பெயர். அதன் கீழே ‘பதினான்கு பிள்ளைகள்’ என்று பெரிய எழுத்து. தாத்தா பெற்றதற்கு இவர்கள் மார்தட்டிக்கொள்வது ஏன் என்று மட்டும் கேட்கக் கூடாது.

தாமரைக்கு அப்பா இல்லை. அத்தை தலையாட்டினால்தான் அவள் கழுத்தில் தாலி. அந்த அத்தையோ, குடும்பத்தில் யாருக்கு யார் என்ன முறை என்பதை விரல்நுனியில் வைத்திருப்பவள். கேட்காதவர்களுக்கும் நிறுத்திவைத்துச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவாள்.

அத்தைக்கும் மேலே ஒருவர் உண்டு. அவளுடைய சித்தப்பா சின்னையா. பதினான்கில் இன்னும் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். சற்று முன்புதான் மைக்கைப் பிடித்து வருடாவருடம் சொல்லும் கதையை இந்த வருடமும் சொல்லி முடித்திருந்தார்.

“ராத்திரியானா அம்மா ஒரு குண்டான் சோத்தப் பெசஞ்சு வச்சுக்கிட்டு நடுவுல உக்காருவாங்க. சுத்திக் கை நீளும். நீட்டுன கையில உருண்டை விழும். யாரு கைன்னு பாக்க அவங்களுக்கு ஏது நேரம்?” கைதட்டல் வாங்கிக்கொண்டு, இப்போது மூலை மேசையில் ஆட்டு எலும்போடு போராடிக்கொண்டிருந்தார்.

“இவன் யாரு தெரியுமாடி? சாலாக் செலாத்தான் ஊரு பெரியப்பா பேரன்!” தனலெட்சுமி விடவில்லை. “பொறந்தப்ப நான்தான் கால்ல போட்டுக் குளிப்பாட்டுனேன். அந்தக் காதப் பாரு, அப்படியே எங்க தாத்தா காது!”

“ஆன்டி...” என்று குகன் வாயைத் திறந்தான்.

“பேசாத! மூணு வருஷமா நாக்காலி தூக்குனே, ரசம் ஊத்துனே, தங்கமான பிள்ளைன்னு நெனச்சேன். கடைசியில தங்கச்சியப் போயி...”

“ஆன்டி, எங்க ஊரு சாலாக் செலாத்தான் இல்ல. காஜாங். எங்க வீட்டுல எல்லாருக்கும் இந்தக் காதுதான்.”

“காஜாங்ல நமக்கு யாரு இருக்கா?”

“யாரும் இல்ல ஆன்டி. நான் உங்க குடும்பமே இல்ல. தாமரையோட ஆபிஸ்ல வேலை செய்றேன்.”

கிள்ளான்காரர்கள் சாலாக் செலாத்தான்காரர்களைப் பார்த்தார்கள். அவர்கள் இவர்களைப் பார்த்தார்கள். மூன்று வருடமாக ஒவ்வொரு கிளையும் அவனை இன்னொரு கிளை என்று நினைத்துச் சோறு போட்டிருக்கிறது!

“நான்தான் அத்தே சட்டை வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தேன்,” என்றாள் தாமரை. “எல்லாரும் பழகட்டும், அப்புறமா சொல்லிக்கலாம்னு பாத்தேன். நீங்க மொத நாளே அவருக்கு முறை வச்சிட்டீங்க. அதுக்கு மேல நான் எங்க வாயத் தெறக்கிறது?”

வேறொரு அத்தையாக இருந்தால், ‘நல்ல வேளை, அண்ணன் இல்லை’ என்று மூச்சுவிட்டிருப்பாள். தனலெட்சுமிக்கோ, முறை போனது மட்டுமா, குளிப்பாட்டியதும் அல்லவா சேர்ந்து போய்விட்டது!

“அப்ப வெளியாளா?” குரல் இன்னும் ஒரு படி ஏறியது. இவ்வளவு நேரம் சொந்தம் அதிகம் என்று உதைபட்டவன், இப்போது சொந்தம் போதாது என்று உதைபடத் தொடங்கினான். “எவன் வீட்டுப் பிள்ளையோ நம்ம பந்தியில உக்காந்து தின்னுருக்கான்! நம்ம ரத்தம்னு நெனச்சு இவனுக்கு நல்லி எலும்பா தேடித்தேடிப் போட்டேனே! இந்தக் கல்யாணம் நடக்காது. சித்தப்பா, நீங்களே சொல்லுங்க. வெளியாளு இந்தக் குடும்பத்துக்குள்ள நொழைய முடியுமா?”

மண்டபமே மூலை மேசைப் பக்கம் திரும்பியது. தாமரை குகனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். கிழவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

சின்னையா எலும்பைத் தட்டில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

“மூணு வருஷந்தானே தின்னான்?” என்றார்.

“என்ன சித்தப்பா இப்படிக் கேக்குறீங்க?”

தை பிறந்ததும் தாமரை குகனைக் கட்டிக்கொண்டு காஜாங்குக்குக் குடிபோனாள். கல்யாணத்தில் பட்டுப்புடவை சரசரக்க முன்னால் நின்று பந்தி விசாரித்தது சாட்சாத் தனலெட்சுமியேதான். ஆனால் அன்றைக்கு, அந்த மண்டபத்தில், அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தது கிழவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டுத்தான்.

“நான் உங்க அப்பாகூட கோலி வெளையாட வந்த பையன், தனம். அம்மா ‘சாப்பிட்டுப் போடா’ன்னாங்க. சாப்பிட்டேன்... போகத்தான் மறந்துட்டேன்.”